லயத்து வாழ்வும் நம்பிக்கையின் இலக்கியமும்

இலங்கை மலையகத்தின் வட்டகொடை மடக்கொம்பரைத் தேயிலைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்து, 1947-இல் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்து, மறு ஆண்டிலேயே தம் மலையகத் தமிழ் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை நேரிற் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை, அவ்வனுபவத்தின் சாரமாகப் படைத்த நாவல்களுள் ஒன்று ‘வீடற்றவன்’. தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டதற்காக விரட்டப்படும் தொழிலாளியின் கதை அது.

துக்கம் மிகுந்த இத்தகைய சரித்திரக் கதைகளை வாசகர் விரும்புவது ஏன்? சட்டங்களும் ஒப்பந்தங்களும் ஜனங்களை வெறும் தொகையாகவே எண்ணுகின்றன. நாவலோ, காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறும் ஒருத்தியையும், அந்திநேரம் லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் வாசலில் அவளுக்காகக் காத்திருக்கும் ஒருவனையும் நமக்கு உறவினராக்கி விடுகிறது. கஷ்டத்தின் நடுவிலும் அன்பு அழியாதென்று நம்பும் வாசகனுக்கு, நாடற்றிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை அளித்த வரலாறு, அந்த நம்பிக்கை வீணன்று என்பதற்குச் சாட்சியாகிறது.