எண்ணும் செய்தியும்

செய்தி ஒன்றை வெளியிட வேண்டுமானால் முன்னாளில் அச்சகம் வேண்டும். அச்சுக் கோப்போர் வேண்டும். பிழை திருத்துவோர் வேண்டும். இன்று கைப்பேசி ஒன்றே போதும். 2003ஆம் ஆண்டில் தோன்றிய வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களின் துணையால், சிற்றூர் நிருபரும் தாம் எழுதியதைச் சில நிமிடங்களில் இணையத்தில் பிரசுரம் செய்துவிடலாம். டேட்டாராப்பர் போன்ற கருவியில் எண் அட்டவணையை இட்டால், அது உடனே வரைபடமாகிவிடுகிறது. இவ்வசதியால் செய்தித் தொழிலில் எண்களுக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. அதன் பயனையும் அதிலுள்ள இடரையும் சித்தூர், திருப்பதிப் பிரதேசத்தைக் கொண்டே இங்கு ஆராய்வோம்.

எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்களிடம் விவரம் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. 2012இல் மத்திய அரசு தன் துறைகளின் புள்ளி விவரங்களை வெளியிட இணையத்தில் தனித் தளம் அமைத்தது. திருமலையிலோ, தரிசனம் செய்தோர் எத்தனை பேர், முடி காணிக்கை செலுத்தியோர் எத்தனை பேர், உண்டியல் வருவாய் எவ்வளவு, காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்பவற்றைத் தேவஸ்தானமே நாள்தோறும் அறிவித்து வருகிறது. ஒரு நாளின் எண் வெறும் துணுக்குச் செய்தி. ஓராண்டின் எண்களை வரிசைப்படுத்தினால், கூட்டம் எப்பொழுது பெருகுகிறது, எப்பொழுது குறைகிறது என்பது தெளிவாகும். யாத்திரிகரும் அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக்கொள்ளலாம். ஆனால் காத்திருக்கும் நேரம் என்பது யாருக்குரியது? நேரம் குறித்த அனுமதிச் சீட்டின்றி இலவச தரிசனத்துக்கு வருவோருக்குரியது. இவ்விளக்கத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வெளியிட்டால், சீட்டுப் பெற்றவர் வீணே கலங்குவார்.

இதனினும் நுட்பமானது எல்லையைப் பற்றிய செய்தி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 41 லட்சத்து 74 ஆயிரம். 2022 ஏப்ரல் 4இல் ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டையும் அதனுடன் சேர்ந்தது. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. எஞ்சிய சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை, அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 18 லட்சத்து 73 ஆயிரம். இவ்விரு எண்களையும் கருவியில் இட்டுப் பாருங்கள்: சித்தூர் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் மறைந்துவிட்டதுபோல் படம் வரும். மக்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். கோடுதான் இடம் மாறியது. பள்ளிகள், மருத்துவமனைகள், விபத்துகள் முதலியவற்றின் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

இத்தொல்லை இம்மாவட்டத்துக்குப் புதிதுமன்று. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. ஆகவே 1951, 1961ஆம் ஆண்டுக் கணக்குகளை ஒப்பிடுவோரும் இம்மாறுதலைக் கருத வேண்டியவரே.

மொழிபெயர்ப்பிலும் ஓர் இடருண்டு. சித்தூர், திருப்பதிச் செய்திகள் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. ஆங்கிலத்தார் மில்லியன் என்பது நமது பத்து லட்சம். இதனை மறந்தால் லட்சம் கோடியாகிவிடும். வாக்கியத்தின் இலக்கணத்திலோ பிழை ஏதும் தோன்றாது. மொழிபெயர்ப்போராகிய நாம் சொல்லைவிட எண்ணையே இருமுறை சரிபார்ப்பது இதனாலேதான்.

விரைவின் இடரை அளவிட ஒரு துயர நிகழ்ச்சியை நினைவுகூரலாம். 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான அனுமதிச் சீட்டுப் பெறத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். முதலில் வந்த செய்திகளில் எண்ணிக்கை இதனினும் குறைவாக இருந்தது. அந்நேரத்தில் அது இயல்பே. ஆயினும் முதற்செய்தி பலர் கைக்குப் பகிரப்பட்டுவிட்டால், பின்வரும் திருத்தம் அவர்கள் அனைவரையும் எட்டுவதில்லை. அச்சிட்ட தாளில் நாளாவது இருந்தது. இணையச் செய்தியிலோ நாளோடு மணியும் வேண்டும். எது மாறியது என்ற குறிப்பும் வேண்டும். ஊரில் காத்திருந்த குடும்பத்தாருக்கு அந்த எண் வெறும் எண்ணன்று.

ஆகவே எண் ஒன்று கண்ணில் பட்டால் நிருபரும் வாசகரும் நான்கு கேள்விகள் கேட்பது நலம். எண்ணியவர் யார்? எண்ணிய நாள் எது? எந்த எல்லைக்குள் எண்ணினார்? எதனை எண்ணினார்? இவற்றுக்கு விடையுள்ள செய்தி, சற்றுத் தாமதமாக வந்தாலும் பயன் தரும். படம் வரைவதைக் கருவி செய்யும். இக்கேள்விகளைக் கேட்பது மனிதர் கடமை.