பதில் சொல்லாத பயிற்றுநர்

என் மைத்துனர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு அவரை முப்பது பேருக்கு மேலாளராக உயர்த்திய நிறுவனம், கூடவே ஒரு ‘கோச்’சையும் ஏற்பாடு செய்து கொடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, “அவர் என்னப்பா சொல்லித் தர்றார்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லித் தரமாட்டார் மாமா. கேள்வி கேட்பார், நான் பேசுவேன். நேரம் முடிஞ்சதும் கிளம்பிடுவார்.”

“சும்மா கேட்கிறதுக்கா கம்பெனி காசு கொடுக்குது?” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். “முதல் மாசம் நானும் இப்படித்தான் நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு மனதில் தங்கியதற்குக் காரணம் உண்டு. அப்போது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் பொறுப்புத் தலைமையாசிரியர். கணக்குப் பாடமும் என்னுடையதுதான். புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த அறிவியல் ஆசிரியை ஒருவரின் எட்டாம் வகுப்பு, மதிய இடைவேளைக்குப் பிந்தைய பாடவேளையில் சந்தைக்கடையாக இருந்தது. டிசம்பரில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அலுவலக அறைக்கு அழைத்து இருபது நிமிடம் ஆலோசனை சொன்னேன். குரலை உயர்த்துங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள், பேசுகிற பையன்களை முன்வரிசைக்கு மாற்றுங்கள் என்று என் பதினெட்டு ஆண்டு அனுபவம் பேசித் தீர்த்தது. அவர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு “சரிங்க சார்” என்றார். ஜனவரியிலும் அதே சத்தம். வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கலாமா என்று அவர் யோசிப்பதாகவும் காதில் விழுந்தது.

சொல்லிக்கொடுத்தும் ஏன் மாறவில்லை என்ற எரிச்சலில்தான் இந்த ‘கோச்’ விஷயத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆச்சரியம் அந்தச் சொல்லிலேயே இருந்தது. ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பெயர்பெற்றவை. நம் வீடுகளில் பழைய தலைமுறை சொல்லும் ‘கோச்சு வண்டி’யும் ரயில் ‘கோச்’சும் அந்த ஊரின் பெயரைச் சுமப்பவைதாம். 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள், தங்களைத் தேர்வு என்னும் ஆற்றைக் கடத்திவிடும் தனிப்பயிற்சி ஆசிரியரைக் கேலியாக ‘கோச்’ என்று அழைத்தார்கள். அங்கிருந்துதான் சொல் விளையாட்டு மைதானத்துக்குப் போனது, மைதானத்திலிருந்து நிறுவனங்களுக்கு. ஆக, இது நம் தொழிலில் இருந்து இரவல் போன சொல்.

மைதானத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன கதை சுவையானது. அமெரிக்காவில் டென்னிஸ் கற்பித்துக்கொண்டிருந்த திமோதி கால்வே ஒன்றைக் கவனித்தார். “மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை மடக்கு” என்று அறிவுரை கூடக்கூட, கற்பவரின் உடல் இறுகியது, பந்து வலையில் மாட்டியது. அதனால் அறிவுரையை நிறுத்திவிட்டு, பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’ என்றும், மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்றும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வேறு எதுவும் வேண்டாம், பந்தைக் கவனித்தால் போதும். கவனம் பந்துக்குப் போனதும் ஆட்டம் தானாகத் திருந்தியது. இதை 1974இல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ என்ற நூலாக எழுதினார். வாங்கிப் படித்தவர்களில் டென்னிஸ் ஆடாதவர்களும் நிறையப் பேர்.

பிரிட்டனில் கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர், கால்வேயிடம் இதைக் கற்றுத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் அவருடைய சகாக்களும் 1980களில் நிறுவன மேலாளர்களுக்காக இதை ஓர் உரையாடல் முறையாக்கினார்கள். ‘க்ரோ’ என்று பெயர். வளர்தல் என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளும் நான்கு படிகளைக் குறிக்கின்றன. என்ன வேண்டும் என்ற இலக்கு, இப்போது என்ன நடக்கிறது என்ற நிலைமை, என்னென்ன செய்யலாம் என்ற வழிகள், எதை எப்போது செய்யப்போகிறேன் என்ற உறுதி. விட்மோர் 1992இல் எழுதிய ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ நூல் வழியாக இது உலகெங்கும் பரவியது.

படிகளை மனப்பாடம் செய்வது எளிது. ஐந்து நிமிடம் போதும். நாம் தடுக்கி விழுவது இரண்டாவது படியில். நிலைமையைத் தெரிந்துகொள்ளும் முன்பே மூன்றாவது படிக்குத் தாவி வழிகளை அடுக்கிவிடுகிறோம். அதுவும் நம் வழிகளை. டிசம்பரில் நான் செய்தது அதுதான். எட்டாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தேனே தவிர, அந்த ஆசிரியைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரிய நிறுவனத் தலைவர்களுக்குக்கூட இது தேவைப்படுமா என்று கேட்கலாம். 2001இல் கூகுளின் தலைமைப் பொறுப்பேற்ற எரிக் ஷ்மிட்டும் அதையேதான் கேட்டார். முதலீட்டாளர் ஜான் டோர் அவருக்கு ஒரு கோச்சைப் பரிந்துரைத்தபோது, இவ்வளவு அனுபவமுள்ள தனக்கு எதற்கு என்று தயங்கினார். பரிந்துரைக்கப்பட்டவர் பில் கேம்ப்பெல். இவர் 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஆறு பருவங்களில் 12 வெற்றி, 41 தோல்வி! மைதானத்தை விட்டு விளம்பரத் துறைக்கும், பின்னர் கோடாக், ஆப்பிள் நிறுவனங்களுக்கும் போய், இன்ட்யூட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராகவும் இருந்தவர். ஸ்டீவ் ஜாப்ஸும் லாரி பேஜும் அவரிடம் ஆலோசனை கலந்தார்கள். தயங்கிய ஷ்மிட்டே பின்னாளில் இருவரோடு சேர்ந்து கேம்ப்பெல்லைப் பற்றி ‘டிரில்லியன் டாலர் கோச்’ என்ற நூலை எழுதினார். அது 2019இல், கேம்ப்பெல் இறந்து மூன்று ஆண்டுக்குப் பின், வெளிவந்தது. அந்த நூலில் எனக்குப் பிடித்த செய்தி, திங்கட்கிழமைக் கூட்டத்தை அலுவல் பேச்சோடு தொடங்காமல், வார இறுதியில் எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்லவைத்துத் தொடங்கும் பழக்கம். இன்னொரு செய்தி, இவ்வளவுக்கும் நடுவில் அவர் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சியும் அளித்துவந்தது.

கூகுளில் நடந்த வேறு இரண்டு நிகழ்வுகளையும் சொல்ல வேண்டும். 2002இல் பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று அந்தப் பதவியை நீக்கிப் பார்த்தார்கள். செலவுக் கணக்கு, ஆளுக்கு ஆள் மனத்தாங்கல் என்று எல்லாம் நேரே லாரி பேஜிடம் போய் நின்றதால் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். 2009இல் ‘ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்ற பெயரில், நல்ல மேலாளர் என்றால் யார் என்று தங்கள் சொந்தத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். கிடைத்த எட்டுப் பண்புகளில் முதலாவது, நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்தில் இருந்தது. பாட அறிவே எல்லாம் என்று நம்பிவந்த கணக்கு ஆசிரியனான எனக்கு இது கொஞ்சம் கசந்தது.

பிப்ரவரியில் அந்த ஆசிரியையிடம், “டீச்சர், போன தடவை நானே பேசிட்டேன். இந்தத் தடவை நீங்க பேசுங்க. எதையும் பதிவேட்டில் எழுதமாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன்” என்றேன். அலுவலக அறையில் இல்லை, வேப்பமரத்தடியில், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. அந்த வாக்குறுதியை நான் யோசித்துத்தான் கொடுத்தேன். நிறுவனங்களில் கோச் பெரும்பாலும் வெளியாளாக இருப்பதன் காரணமே இதுதான். மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை. நம் துறையிலோ கேள்வி கேட்பவரே குறிப்பும் எழுதுகிறார். எனவே இரண்டையும் வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் செய்வதென்று முடிவுசெய்தேன்.

“அந்தப் பாடவேளையில் உங்களுக்கு எந்த நிமிஷத்தில் கஷ்டம் தொடங்குது?” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சொன்னார், “இருபத்தஞ்சு நிமிஷத்தில் பாடத்தை முடிச்சிடறேன் சார். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல.” ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு வந்த பதிலைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் படித்தது தாவரவியல். எட்டாம் வகுப்பில் நடத்துவது மின்னியல். பிள்ளைகள் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இடைவெளி விடாமல் ஓடியிருக்கிறார். மீதி இருபது நிமிடம் வகுப்பு அதன் போக்கில் போயிருக்கிறது. நான் கொடுத்த ஆலோசனை எல்லாம் குரலைப் பற்றியும் இருக்கை வரிசையைப் பற்றியும்!

வழிகளையும் அவரே சொன்னார். சோதனைகளை முந்தின நாளே ஆய்வக அறையில் தானாகச் செய்து பார்ப்பது. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை சந்தேகம் கேட்பது. மூன்றாவதாக, கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, தனக்குத் தெரியாத கேள்விகளை அதில் எழுதி மறுநாள் பதில் சொல்வது. இந்த மூன்றாவது எனக்குத் தோன்றியே இருக்காது. எந்த நாளிலிருந்து என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை” என்றார். மின்விளக்கு ஏன் சூடாகிறது, ஆனால் கம்பி ஏன் சூடாகவில்லை என்பதுதான் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் கேள்வி. பத்து நாளில் வகுப்பு அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சத்தம் இன்னும் உண்டு. ஆனால் அது பாடத்தைப் பற்றிய சத்தம்.

மார்ச் முதல் வாரத்தில் பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் நேராகவே கேட்டார், “அந்த எட்டாம் வகுப்பு டீச்சருக்கு சப்ஜெக்ட் வீக்கா?” எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஆமாம் என்றால் வாக்கு போயிற்று. இல்லை என்றால் பொய். “வகுப்பை நீங்களே பாருங்க சார். நாங்க ரெண்டு பேரும் அதில் வேலை செஞ்சுக்கிட்டிருக்கோம்” என்றேன். அவருக்கு முகம் மாறியது. ஆனால் போய்ப் பார்த்தார். கரும்பலகைக் கட்டத்தைப் பார்த்து அது என்னவென்று பிள்ளைகளிடம் கேட்டார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. அடிக்கடி தாமதமாக வரும் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் புது உற்சாகத்தில், “காலையில் உங்களுக்கு எது சவாலா இருக்கு சார்?” என்று தொடங்கினேன். “சுத்தி வளைக்காதீங்க. லேட்டா வராதேன்னு சொல்லணும், அவ்வளவுதானே?” என்றார். அவர் சொன்னது சரி. ஒன்பதேகாலுக்கு வர வேண்டும் என்பது விதி. விதியைச் சொல்ல வேண்டும், கேள்வியாக மாற்றி அழகு பார்க்கக் கூடாது. கேம்ப்பெல்லும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் இல்லை. தனிமையில் முகத்துக்கு நேரே கடுமையாகச் சொல்லக்கூடியவர் என்றே அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு போலியும் உண்டு. “குழுச் செயல்பாடு செய்து பார்க்கலாமே, ஏன் செய்யல?” என்பது கேள்வி இல்லை, கேள்விக்குறி போட்ட அறிவுரை. நான் இன்றும் நாளுக்கு இரண்டாவது இப்படிக் கேட்டுவிடுகிறேன்.

நேரம்தான் பெரிய தட்டுப்பாடு. எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, பெற்றோர் சந்திப்பு என்று ஓடும் பள்ளியில் முக்கால் மணி நேரம் ஒருவரைப் பேசவிட்டுக் கேட்பது லேசில்லை. நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை, ஒருவருக்கு ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டோம். அதிலும் பாதி தள்ளிப்போகிறது.

இப்போது பள்ளிக்கு முறையான தலைமையாசிரியர் வந்துவிட்டார். நான் மீண்டும் முழுநேரக் கணக்கு ஆசிரியர். சென்ற வாரம் அந்த அறிவியல் ஆசிரியையிடம், என் வகுப்பில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு, இயற்கணிதம், வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை. “நான் உங்களுக்கு என்ன சார் சொல்றது?” என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம், முடிந்ததும் வேப்பமரத்தடியில் கேட்டால் போதும் என்றேன். குறிப்பேட்டை எடுத்து நாளைக் குறித்துக்கொண்டார்.