காப்பி அடிச்சதை மெஷின் கண்டுபிடிக்குமா?

காப்பி அடிப்பது என்றாலே நமக்கு பிட்டுப் பேப்பர்தான் ஞாபகம் வரும். ப்ரோகிராமிங் அசைன்மெண்டுக்கு அதெல்லாம் வேண்டாம். நண்பனோட ஃபைலை வாங்கி, வேரியபிள் பெயர்களை மாத்தினா முடிஞ்சுது. 300 பேர் படிக்கிற வகுப்பில் ஒவ்வொருத்தர் விடையையும் மத்தவங்களோடு ஒப்பிட, 44,850 ஜோடிகளைப் பார்க்கணும். நடக்கிற காரியமா?

இந்த வேலைக்காகவே அலெக்ஸ் ஐக்கன் 1994-ல் உருவாக்கிய மென்பொருள் மாஸ். உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தியது. இதன் உத்தியை 2003-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். இடைவெளி, வேரியபிள் பெயர் மாதிரி சுலபமாக மாற்றக்கூடியதை எல்லாம் மாஸ் முதலில் கழித்துவிடும். மிச்சத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாஷ் எண் போடும். அடுத்தடுத்து வரும் சில எண்களில் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொள்ளும். இந்த எண்கள்தான் அந்த ப்ரோகிராமின் கைரேகை. ஃபங்ஷன்களை மேலே கீழே மாற்றி வைத்தாலும் ரேகை பெரும்பாலும் மாறாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மாஸ் தீர்ப்பு சொல்வதில்லை. ஒத்துப்போகும் இரண்டு ப்ரோகிராம்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், அவ்வளவுதான். முடிவெடுப்பது வாத்தியார். மாணவனும் அதையே பார்த்து, "சார், இது நீங்க வகுப்பில் கொடுத்த கோடு" என்று வாதாடலாம்.

சாட்ஜிபிடி வந்தபிறகு கதை மாறிவிட்டது. பக்கத்தில் வைத்துக் காட்ட அசல் என்று எதுவுமே இல்லை. 2023 ஏப்ரலில் டர்னிடின் கொண்டுவந்த ஏஐ கண்டுபிடிப்பான் ஒரு சதவீதத்தைச் சொல்லும். அதை மாணவன் எப்படி மறுப்பான்?

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு எளிய கணக்குப் போட்டது. 2022-ல் டர்னிடினுக்கு அனுப்பியவை 75,000 கட்டுரைகள். தப்பு 1% என்ற கம்பெனி சொல்லையே எடுத்துக்கொண்டாலும், சுமார் 750 கட்டுரைகள்மேல் வீண்பழி விழுந்திருக்கும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'ஏஐ எழுதியது' என்று விடை வந்தது. காரணம், அடுத்து என்ன சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிந்தால் அதை மெஷின் எழுத்து என்று இவை நினைக்கின்றன. புது மொழியில் எழுதுபவர்கள் தெரிந்த, எளிய சொற்களைத்தானே போடுவார்கள்? டோஃபல் எழுதி வெளிநாடு போகும் நம்ம பசங்களும் இதில் அடக்கம்.

சந்தேகம் வந்தால் என்னதான் செய்வது? மாணவனைக் கூப்பிட்டு, "இந்த லூப் எதுக்கு?" என்று கேட்டால் போதும். எழுதினவன் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவான். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 300 பேருக்கு 25 மணி நேரம். சந்தேகப்பட்டவர்களை மட்டும் கேட்டால் அதைவிட ரொம்பக் குறைவு. ஒருத்தர் படிப்பையே பாதிக்கிற முடிவுக்கு இந்த நேரம்கூடச் செலவு செய்யக்கூடாதா?