கன்னி ஆட்டுக்குக் கருங்குட்டி பிறப்பது ஏன்?

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் வானம் பார்த்த கரிசல் விவசாயிக்கு ஆபத்துக்கு உதவும் கைமுதல் வெள்ளாடுதான். உளுந்தும் பருத்தியும் கைவிட்ட வருஷத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் வைத்தியச் செலவும் ஆட்டை விற்றுத்தான் நடக்கின்றன.

இப்பகுதிக்கே உரிய வெள்ளாட்டு இனங்கள் இரண்டு. உடல் கருப்பாகவும், முகத்தின் இருபுறமும் கோடு விழுந்தும், அடிவயிறும் கால்களும் வெளுத்தும் இருப்பது கன்னி ஆடு. கோடு வெள்ளையானால் பால் கன்னி; சிவப்பானால் செங்கன்னி. மற்றொன்று உயரமான கொடி ஆடு. வெள்ளை உடலில் கருந்திட்டுகள் தெறித்திருந்தால் கரும்போரை, செந்திட்டுகளானால் செம்போரை.

கோடு போட்ட பெட்டையைக் கோடு போட்ட கிடாவுடன் சேர்த்தும், சில சமயம் கோடே இல்லாத முழுக் கருப்புக் குட்டி பிறந்து விடுகிறது. தாய் கலப்பு என்று முடிவு கட்டி, அதை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டி விடுகிறவர்கள் உண்டு. ஈற்றுக்கு இரட்டைக் குட்டி போட்டு, இரண்டுக்கும் வயிறு நிறையப் பால் கொடுத்த ஆடு இப்படி அறுப்புக்குப் போவது பெரும் நஷ்டம். அந்த ஆடு கலப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொரு குணத்துக்கும் குட்டி தாயிடமிருந்து ஒரு கூறும் தந்தையிடமிருந்து ஒரு கூறும் பெறுகிறது. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் என்ற பாதிரியார் 1866-ல் வெளியிட்ட உண்மை இது. வெள்ளாடுகளில் பொதுவாகக் கோட்டுக்கு உரிய கூறு வலுத்தது. முழுக் கருப்புக்கு உரியது அடங்கியது. ஒன்று கோடு, ஒன்று கருப்பு எனப் பெற்ற ஆடு பார்வைக்குக் கோட்டு ஆடாகவே இருக்கும். இத்தகைய பெட்டையும் கிடாவும் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று முழுக் கருப்பாகப் பிறக்கும். சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டுக் குட்டிகளில் ஒன்றுகூடக் கருப்பாக வராமலும் போகலாம். முதல் ஈற்றிலேயே இரண்டும் கருப்பாக வந்தும் விடலாம். பழியைத் தாயின் மேல் மட்டும் போடுவதும் சரியல்ல. கிடாவிடமும் அக்கூறு ஒளிந்திருந்தால்தான் கருங்குட்டி பிறக்கும்.

கிடா சுத்தமானதா என்று அறிய எளிய வழி உண்டு. அதைக் கோடு இல்லாத முழுக் கருப்புப் பெட்டைகளுடன் சேர்க்க வேண்டும். ஒரு குட்டி கருப்பாகப் பிறந்தாலும் கிடாவிடம் கருப்பு ஒளிந்திருப்பதாகக் கொள்ளலாம். ஏழு குட்டிகளும் கோட்டுடன் பிறந்தால் பெரும்பாலும் சுத்தம். ஒளிந்திருந்தும் தப்பிப்பதற்கு 128-ல் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு.

கொடி ஆட்டின் திட்டுகள் கதை வேறு. கருவில் சாயம் தரும் அணுக்கள் முதுகுப் பக்கமிருந்து உடலெங்கும் பரவுகின்றன. அவை எட்டாத இடம் வெள்ளையாக நின்று விடுகிறது. பரவுவதில் தற்செயலும் கலந்திருப்பதால், ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையின் திட்டுகளும் ஒத்திருப்பதில்லை. தாயின் திட்டு குட்டியின் அதே இடத்தில் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். சினை ஆடு எதைப் பார்க்கிறதோ அந்த நிறத்தில் குட்டி பிறக்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே. யாக்கோபு வரியிட்ட கொப்புகளை ஆடுகளின் முன் நட்டதாக விவிலியத்தில் வருவதால், இது மிகப் பழைய நம்பிக்கை என்று தெரிகிறது.

வெளியூர்க் கிடா மேய்ச்சலில் புகுந்திருந்தால் மட்டும் சந்தேகத்துக்கு இடமுண்டு. ஒரே பருவத்தில் இரு கிடாக்கள் சேர்ந்தால், இரட்டையில் ஒன்று ஒரு கிடாவுக்கும் மற்றது வேறு கிடாவுக்கும் பிறக்கக்கூடும்.

நிறத்தைவிடக் கவலை தருவது வேறொன்று. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் நல்ல விலை கிடைக்கிறதென்று, வேகமாக வளர்ந்த கிடாக்குட்டிகளை முதலில் விற்று விடுகிறோம். வியாபாரி வேண்டாமென்று தள்ளிய சவலைக்குட்டி மந்தையின் பொலிகிடா ஆகிறது! அதன் முகத்தில் கோடு எவ்வளவு அழகாக இருந்தென்ன? ஒரு கிடா இருபது, இருபத்தைந்து பெட்டைகளுக்குத் தகப்பன். அதன் குறை மந்தை முழுவதும் பரவும்.

ஆகவே இரட்டை ஈனும் தாய்க்குப் பிறந்து, மூன்று மாதத்தில் கூடப் பிறந்தவற்றை விட எடை மிகுந்து, விதைகள் இரண்டும் சமமாக உள்ள குட்டியைப் பொலிகிடாவாக நிறுத்த வேண்டும். அத்தகையவை இரண்டு மூன்று இருந்தால், அவற்றுள் கோடு தெளிவானதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற கிடாக்குட்டிகளுக்குக் காயடித்து விடுவது நல்லது; நாலைந்து மாதத்திலேயே அவை தாயையும் உடன்பிறப்பையும் மிதிக்கத் தொடங்கும். கோடு அழகாக வருகிறதென்று கிடாவை அதன் மகள்களுடனே சேர்த்தால் குட்டிகள் மெலியும், சாவும் கூடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேறு ஊர்க்காரரிடம் கிடாவை மாற்றிக் கொள்ளலாம். எந்தப் பெட்டைக்கு எந்தக் கிடா, குட்டிகள் எத்தனை, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், மூன்று ஈற்றுக்குள் மந்தையில் எது எதை ஒளித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்து விடும்.