ஈறுக்கு லேசர்: கத்தி இல்லாமல் குணமாகுமா?

பல் துலக்கித் துப்பும்போது லேசாக ரத்தம். ‘பிரஷ் கொஞ்சம் முரடு போல’ என்று பிரஷ்ஷை மாற்றிவிட்டுப் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். சில வருஷம் கழித்து ஈறு இறங்குகிறது, வாய் நாற்றம் அடிக்கிறது, கடைவாய்ப் பல் ஆடுகிறது. அப்போதுதான் டாக்டர் ஞாபகம் வரும். அந்த நேரத்தில், “வெட்ட வேண்டாம், தைக்க வேண்டாம், லேசர்லயே முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் காதில் தேன் பாயத்தான் செய்யும்.

உண்மையில் முடியுமா? லேசர் துணைக்கு வரலாம். முக்கிய வேலையைச் செய்வது அது அல்ல.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சின்ன பள்ளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அங்கே சேரும் கிருமிப் படலத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அது கல் போல இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகி, பள்ளம் ஆழமாகிறது. ஆழம் 4 மி.மீ.யைத் தொட்டால் அதை ‘பாக்கெட்’ என்பார்கள் டாக்டர்கள். நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். அது தானாகத் திரும்ப வளராது. அவ்வளவு ஆழத்துக்கு பிரஷ்ஷும் போகாது, மவுத்வாஷும் போகாது.

அதனால்தான் முதல் சிகிச்சையாக ஸ்கேலிங்கும் ரூட் பிளானிங்கும் செய்கிறார்கள். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை போய்க் காரையைச் சுரண்டி எடுப்பது. இதுவும் அறுவை இல்லாத சிகிச்சைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

“ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்” என்ற பயம் நம்மூரில் ரொம்பப் பழசு. நடப்பது வேறு. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல்லை, சுற்றியிருந்த காரை சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளிருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்ததும் பல் இடுக்கு பெரிதானதுபோலத் தோன்றும், சில நாள் கூச்சமும் இருக்கும். இந்தப் பயத்தில் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களுக்குத்தான் கடைசியில் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

சரி, லேசர் என்ன செய்யும்? கிளினிக்குகளில் அதிகம் இருப்பது டயோடு லேசர். 810 முதல் 980 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் இதன் ஒளியை ரத்தமும் நிறமிகளும் உறிஞ்சிக்கொள்ளும். நூல் போன்ற முனையை பாக்கெட்டுக்குள் விட்டு அழற்சி கண்ட திசுவை நீக்கலாம், கிருமிகளைக் குறைக்கலாம், ரத்தக் கசிவும் குறைவு. ஆனால் காரையை உடைக்க அதனால் முடியாது. காரையைப் பெயர்க்கக்கூடியது 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசர். அதன் விலை மிக அதிகம்.

ஆய்வு முடிவுகள் விளம்பரம் அளவுக்கு உற்சாகமாக இல்லை. அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி ஸ்கேலிங், ரூட் பிளானிங்கையே அடிப்படைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க ஈறு நோய் நிபுணர்கள் அமைப்பு 2018-ல் ஆய்வுகளை அலசியபோது, லேசர் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்றது. ஐரோப்பிய வழிகாட்டி 2020-ல் இன்னும் கறார்: துணைச் சிகிச்சையாகவும் லேசர் வேண்டாம்.

லேசரே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவுக்கு மீறி வளர்ந்த ஈறை நீக்குவது, ஈறின் கருமையை எடுப்பது போன்ற மென்திசு வேலைகளில் அது நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் பவர் கூடிப்போனால் வேரும் எலும்பும் சூடாகிப் பாதிக்கப்படலாம். அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும், நோயாளி உட்பட, அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கட்டுக்குள் வராத சர்க்கரையும் சிகரெட்டும் ஈறு ஆறுவதைக் கெடுக்கும். லேசருக்குக் காசு சேர்ப்பதற்கு முன் மூன்று மாத சர்க்கரை சராசரியைப் பார்த்துவிடுவது லாபம்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். மாவட்டத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரி கடலூர் நகரில் இல்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது. 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரிதான் அது. 2021-ல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்குக் கீழ் வந்தது. ஈறு நோய்க்குத் தனி மேற்படிப்பே உண்டு என்பதால், பல் ஆடுகிறவர்கள் எங்கே போனாலும் அந்தப் பிரிவு நிபுணரைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

தனியார் கிளினிக்கில் லேசர் சொன்னால், கேட்க வேண்டியது: “வேர் வரைக்கும் க்ளீனிங் இதுல சேர்த்தியா, தனியா?” ஒவ்வொரு பல்லுக்கும் பாக்கெட் ஆழம் அளந்து எழுதிய சார்ட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி அளப்பார்கள். 6 என்று எழுதிய இடத்தில் இப்போது 4 இருக்கிறதா என்று அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.