கைக்குழந்தை உள்ள வீடு

உலகில் மிகுதியான மக்கள் செய்யும் தொழில் எது என்று கேட்டால், உழவு என்பார் சிலர். வாணிகம் என்பார் சிலர். வீட்டு வேலை என்று விடை கூறுவோர் அரியர். கூலி இல்லாத காரணத்தால் அதை ஒரு தொழிலாகவே நாம் எண்ணுவதில்லை. மனையியல் என்ற பெயரால் பாடமாக வைத்தாலும், அது பெண்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த வேலையிலும் மிக நுட்பமான பகுதி, கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டை நடத்துவது. அதைப் பற்றியே இன்று மாணவ மாணவியராகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

'எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அக்காள் பேறுகாலத்திற்காகத் தாய்வீடு வந்திருக்கலாம். அண்ணியின் கையில் குழந்தை இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களே தாயாகவும் தந்தையாகவும் ஆவீர்கள். எந்தக் கல்லூரியும் தேர்வு வைக்காத இந்தப் பாடத்தில் தவறினால், இழப்பது மதிப்பெண் அன்று. ஒரு தாயின் உடல்நலமும் ஒரு குழந்தையின் உயிருமே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை தலைப்பிள்ளைப் பேற்றிற்காக எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தபோது, ஒரு விடியற்காலை ஐந்து மணி முதல் மறுநாள் ஐந்து மணி வரை நிகழ்ந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இரவில் என் அன்னையாரும் நானும் முறைவைத்து விழித்திருந்தோம். அந்த ஒரு நாளில் குழந்தை பால் குடித்தது பதினொரு முறை. மாற்றிய துணி பதினாறு. என் தங்கை உறங்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு மணி வந்தது. அது குறைவாகத் தோன்றவில்லை. ஆனால், அந்த ஆறு மணியும் ஐந்து துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. மிக நீண்ட துண்டு இரண்டு மணி பத்து நிமிடமே.

அந்தக் குறிப்பேடு எனக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. கைக்குழந்தை உள்ள வீட்டில் வேலை பெருகுகிறது என்று எல்லாரும் சொல்வர். வேலை பெருகுவதைவிடப் பெரிய தொல்லை, காலம் துண்டுபடுவது. அடுப்பில் ஏற்றிய உலை பாதியில் நிற்கும். எடுத்த சோற்றுக் கவளம் வாய்க்குப் போகாமல் இலையிலேயே கிடக்கும். கண்மூடிய ஐந்தாம் நிமிடத்தில் அழுகுரல் எழும். எந்தச் செயலும் முழுமையாக முடிவதில்லை. தாயைச் சோர்வடையச் செய்வது இதுவே.

இதற்குக் காரணம் குழந்தையின் குறும்பு அன்று, அதன் உடலமைப்பே. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பால் விரைவில் செரிக்கும் உணவு. ஆதலால் ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை அதற்குப் பசிக்கிறது. பெரும்பொழுது உறங்கினாலும் சிறுசிறு உறக்கங்களாகவே உறங்குகிறது. பகல் இது, இரவு இது என்னும் உணர்வு இரண்டு மூன்று மாதங்களில்தான் அதற்கு மெல்ல அமைகிறது. குழந்தை நம் கடிகாரத்தைக் கற்றுக்கொள்ளும் வரையில், அதன் கடிகாரத்திற்கு ஏற்ப நாம்தான் வீட்டை மாற்றியமைக்க வேண்டும்.

எவ்வாறு மாற்றியமைப்பது? ஒரு தாளில் அன்றாட வேலைகளை எல்லாம் எழுதுங்கள். அவற்றுள் தாய் ஒருத்தியால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று பாருங்கள். பாலூட்டுவது ஒன்றுதான் அத்தகையது. சமைத்தல், வெந்நீர் வைத்தல், துணி அலசுதல், தொட்டில் ஆட்டுதல், வந்தவரை வரவேற்றல், இரவில் அழும் குழந்தையைத் தோளில் இட்டு உலாவுதல் ஆகிய அனைத்தும் மற்றவராலும் இயலும். அந்த ஒன்றைத் தாய்க்கு விட்டுவிட்டு, மற்றவற்றை வீட்டார் பகிர்ந்துகொள்வதே இந்தக் கலையின் முதல் விதி.

எங்கள் வீட்டில் துணி அலசும் வேலையை நான் ஏற்றேன். பக்கத்து வீட்டு மூதாட்டியார், "ஆண்பிள்ளைக்கு ஏன் தம்பி இந்த வேலை?" என்று பரிவோடு கேட்டார். "என் மருமகனுக்குத் தாய்மாமன் சீர் செய்கிறேன், பாட்டி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த வேலையிலும் சில நுட்பங்கள் உண்டு. மலம் பட்ட துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி வாளியில் இட வேண்டும். சோப்பு சிறிதும் தங்காதபடி நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தங்கினால் குழந்தையின் மெல்லிய தோல் சிவந்து புண்ணாகும். பின்னர் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் உலராத துணியை மடித்து வைத்தல் ஆகாது.

அடுத்தது கை கழுவுதல். இது மிக எளிய செயல். ஆயினும் இதன் அருமையை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவரும் மாணவரும் அதே கைகளோடு பேறு பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கருதினார். 1847ஆம் ஆண்டில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று விதித்தார். இறப்பு மிகவும் குறைந்தது. எனினும் மருத்துவ உலகில் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை; 1865இல் அவர் மறையும்போதும் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அவர் போராடிச் சொன்னதை நாம் ஒரு சோப்புக் கட்டியும் ஒரு செம்பு நீரும் கொண்டு செய்துவிடலாம். குழந்தையைக் காண வருவோரை, "முதலில் கை கழுவிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. சளியும் காய்ச்சலும் உள்ளவர் சில நாள் பொறுத்து வருவதே அன்பு.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தர வேண்டும் என்றும், முதல் ஆறு மாதங்களுக்கு அது ஒன்றே போதும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோயைத் தடுக்கும் பொருள்கள் மிகுதி. அதைப் பீய்ச்சிக் கொட்டுவது செல்வத்தைக் குப்பையில் எறிவதற்கு ஒப்பாகும். கோடைக்காலத்திலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. பாலிலேயே நீர் உள்ளது. நம் நாட்டில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவும் வழக்கம் உண்டு. அன்பினால் எழுந்த வழக்கம் அது. ஆனால், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும். இந்த நோயை 1976இல்தான் மருத்துவர் இனங்கண்டனர். ஆகவே ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது. இதைப் பாட்டியாரிடம் சொல்லும்போது, அவரைக் குறை கூறாமல் புதிய செய்தியாகச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்தும் தாலாட்டியும் குழந்தையைக் காக்கும் அவருடைய கைகள் நமக்கு வேண்டும்.

ஏதேனும் காரணத்தால் தாய்ப்பால் கொடுக்க இயலாதபோது மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். விளம்பரத்தின் சொற்படி அன்று. குழந்தைப் பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. புட்டியின் மூலைமுடுக்குகளைத் தூய்மை செய்வது கடினம். நம் வீடுகளில் வழங்கிய பாலாடையோ, கழுவிக் கொதிநீரில் இட்டு எடுப்பதற்கு எளிது.

உறக்கத்திற்கு வருவோம். விட்டத்தில் பழம்புடவையைக் கட்டித் தூளியில் குழந்தையை இடுவது நம் வழக்கம். பருத்திப் புடவையின் மென்மையும் தாயின் மணமும் அதற்கு இதம் தருகின்றன. கொக்கியும் முடிச்சும் உறுதியாக உள்ளனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். தூளியில் குழந்தையின் கழுத்து மடங்கக்கூடும்; ஆதலால், அருகில் ஒருவர் கண் வைத்திருக்கும்போது மட்டும் தூளி போதும். நெடுநேர உறக்கத்திற்குச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாந்து படுக்க வைப்பதே நன்று என்பது மருத்துவர் கருத்து. முகத்தின் அருகே தலையணையும் தடித்த போர்வையும் வேண்டா. தலைக்கு நீராட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் தவிர்க்கலாம். பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. தலை துவட்ட ஓர் உலர்ந்த துணி போதும்.

ஆறு மாதம் நிறைந்தபின், குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் என்று உணவு தொடங்கும். தாய்ப்பாலும் தொடரும். அப்போது வயிற்றுப்போக்கு நேரலாம். உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதால் குழந்தை சோர்ந்துவிடும். 1971இல் வங்காள அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். இன்று அதற்குரிய உப்புப் பொட்டலம் மருந்துக் கடைகளிலும் அரசு நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கிறது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையாயின் பாலை நிறுத்தாமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தவழத் தொடங்கிய நாள் முதல் வீட்டின் தரையெல்லாம் குழந்தையின் நாடு ஆகிவிடும். ஒரு முறை நீங்களும் தரையில் தவழ்ந்து பாருங்கள். உருண்டோடிய நாணயம், சிந்திய நிலக்கடலை, கட்டிலுக்கு அடியில் வைத்த மண்ணெண்ணெய், ஆறுவதற்காக இறக்கி வைத்த கஞ்சிப் பானை ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். வாளியில் கிடக்கும் சிறிதளவு நீரும் குழந்தையின் உயிரைக் கவர்ந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

தாயின் உள்ளத்தையும் நாம் நினைக்க வேண்டும். பிள்ளை பெற்ற சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கு இயல்பு. அந்தத் துயரம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நோய். 'இதெல்லாம் ஒரு குறையா?' என்று அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்வோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர் என்று கண்டனர். ஆண்களுள் பெரும்பாலோர் அன்று அந்த வேலையைத் தொடவே இல்லை. மகப்பேற்றுக்காகச் சட்டம் 26 வாரம் விடுப்புத் தரலாம். 2017இல் அவ்வாறு திருத்தியும் உள்ளனர். அலுவலகம் தரும் விடுப்பை அடுக்களை தருகிறதா என்பதே கேள்வி.

1971ஆம் ஆண்டில் நம் நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னே மறைந்தன. 2020இல் அந்த எண் 28 ஆகக் குறைந்தது. தடுப்பூசியும் மருத்துவமனையும் கிராமச் செவிலியரும் செய்த நன்மை இது. ஆயினும் குழந்தை தன் நாள்களிற் பெரும்பாலானவற்றை மருத்துவமனையில் கழிப்பதில்லை, வீட்டில்தான் கழிக்கிறது. எஞ்சிய பணி வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்குமாயின், இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும் கையைக் கழுவிக்கொண்டு, "அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு மணி நேரம் உறங்குங்கள்" என்று சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு அதனினும் பெரிய பரிசு வேறில்லை.