ஐரோப்பிய நதிப் பயணம்: தண்ணீரை விசாரித்துப் புறப்படுங்கள்

ரயிலிலும் விமானத்திலும் ஐரோப்பாவைப் பலமுறை சுற்றியவர்கள்கூட, நதிக் கப்பலுக்குப் பதிவு செய்யும்போது அறையையும் சாப்பாட்டையும்தான் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை.

ரைன் நதியில் பிங்கனுக்கும் கோப்ளென்சுக்கும் நடுவே இருபுறமும் மலை, மலைக்கு மலை கோட்டை. 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. அங்கே கௌப் என்ற சிற்றூரில் நதி மிகவும் ஆழம் குறைந்து ஓடுகிறது. 2018 அக்டோபரில் கௌப் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது நதியின் முழு ஆழமல்ல. ஆனாலும் கப்பல்காரர்களுக்கு அந்த எண்தான் கணக்கு. டான்யூபில் இதே சிக்கல் ஸ்ட்ரௌபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் இடையே வரும். அங்கே தண்ணீரைத் தேக்கிவைக்க அணை கிடையாது. கப்பல் போக முடியாவிட்டால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, அந்தப் பக்கம் நிற்கும் வேறொரு கப்பலுக்கு மாற்றுவார்கள்.

தண்ணீர் கூடினாலும் தொல்லைதான், பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. 2013 ஜூனில் பாஸாவ் நகரில் டான்யூபின் நீர்மட்டம் 12.89 மீட்டர் வரை உயர்ந்தது. கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வறட்சி, பனி உருகும் மாதங்களில் வெள்ளம். உத்தரவாதமான மாதம் என்று ஒன்றில்லை. பகல் நீளம் என்பதால் நான் மே மாதத்தைச் சொல்வேன்.

அடுத்தது 'லாக்'. நதியின் மேட்டிலும் பள்ளத்திலும் கப்பலை ஏற்றி இறக்கும் கான்கிரீட் தொட்டி அது. இரு கதவுகளையும் மூடி, தண்ணீரை நிரப்பினால் கப்பல் உயரும், வடித்தால் தாழும். 1992-இல் முடிந்த ரைன்–மைன்–டான்யூப் கால்வாய் 171 கிலோமீட்டர் நீளம். அதில் 16 லாக்குகள். கப்பல் கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது! லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர், பக்கத்துக்கு ஒரு அடிதான் இடைவெளி. பெரும்பாலான நிறுவனங்களின் கப்பல்கள் ஒரே வார்ப்பில் இருப்பதற்கும், அறைகள் பெரிதாக இல்லாததற்கும் அதுவே காரணம். இரவில் சுவரில் உரசும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். தாழ்ந்த பாலங்கள் வரும்போது மாலுமி கப்பலை ஓட்டும் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள், மேல்தளத்தையும் மூடிவிடுவார்கள்.

பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். பிங்கன்–கோப்ளென்ஸ் பகுதியையும், மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாஹாவ் பள்ளத்தாக்கையும் பகலில் கடக்கிறார்களா? இரவில் கடந்தால் அந்தத் திட்டமே வேண்டாம். கப்பல் எங்கே நிற்கும்? புடாபெஸ்டில் ஊர் நடுவிலேயே இறங்கலாம். வியன்னாவில் நகர மையத்துக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். பிராகா டான்யூப் கரையிலேயே இல்லை, பேருந்தில்தான் அழைத்துப்போவார்கள். துறையில் கப்பல்களை ஒட்டி ஒட்டி நிறுத்துவதால், உங்கள் பால்கனிக்கு எதிரே நதி தெரியாமல் அடுத்த கப்பலின் ஜன்னல் தெரியலாம்.

புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேடு வரை போகும் இந்தியர்கள் கவனிக்க: செர்பியா ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் திரும்பி நுழையப் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா தேவை.

தண்ணீர் குறைந்தால் என்ன செய்வார்கள், பணம் திருப்பித் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். ஜெர்மனி அரசின் 'எல்விஸ்' இணையதளத்தில் நீர்மட்டம் நாள்தோறும் வருகிறது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே, ரைனுக்கு கௌப், டான்யூபுக்கு ஹோஃப்கிர்ஷென் என்ற இரண்டு அளவுகோல்களையும் தினமும் பார்த்துவாருங்கள்.